பிள்ளை பெற்றவளைப் பிடித்தது பேயா, சுபாவமா?

நமது நாட்டில் ஒரு ஸ்திரீ பிள்ளை பெற்ற பதினைந்தாம் நாளிலோ, ஒரு மாதத்திலோ, அல்லது இரண்டு மாதம் கழித்தோ, காரணம் சொல்லத் தெரியாமல் அழுதுகொண்டிருந்தால், சோறு தண்ணீர் வேண்டாமென்றால், குழந்தை பக்கத்தில் கிடந்து வீறிட்டாலும் திரும்பிப் பாராமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தால், அதற்கு வீட்டார் சொல்லும் காரணம் இரண்டே இரண்டுதான். ஒன்று, காத்துக் கருப்புப் பட்டுவிட்டது என்பது. மற்றொன்று, அவள் சுபாவமே அப்படித்தான் என்பது. முதற் காரணத்தைச் சொல்லுகிறவர்கள் பெரும்பாலும் கிராமத்தார். இரண்டாவதைச் சொல்லுகிறவர்கள் பட்டணத்தில் இருந்துகொண்டு நாலெழுத்துப் படித்து, பேய் பிசாசில் தங்களுக்கு நம்பிக்கை கிடையாது என்று பெருமையாய்ச் சொல்லிக் கொள்ளுகிறவர்கள். முன்னவர் மந்திரவாதியைக் கூப்பிடுகிறார்கள். பின்னவர் யாரையுமே கூப்பிடுவதில்லை. எப்படியானாலும் அந்தப் பெண்ணுக்கு வைத்தியம் என்பது கிடைப்பதில்லை.

பேயைப் பற்றி இங்கு நீட்டி எழுத வேண்டிய அவசியமில்லை. உடுக்கை அடித்து, வேப்பிலையால் விளாசி, மிளகாய்ப் புகை போட்டு, தலைமயிரைப் பிடித்து ஆட்டி, கடைசியில் "போகிறேன், போகிறேன்" என்று அவள் வாயாலேயே சொல்ல வைத்து, கோழியும் காசும் வாங்கிக்கொண்டு போகிற பேர்வழிக்கு, உதிரம்கூட நின்றிராத ஒரு பச்சை உடம்புக்காரியை இப்படி அடிக்க என்ன யோக்கியதை இருக்கிறது என்று வீட்டு ஆண்பிள்ளைகளில் ஒருவர்கூடக் கேட்பதில்லை. அதே வீட்டில் பசு கன்று போட்டுவிட்டுத் தீனி எடுக்காமல் நின்றால் மாட்டு டாக்டரைத் தேடி ஓடுகிறார்கள். மாட்டைப் பேய் பிடிப்பதில்லை போலும்! அடி தாங்காமல் ஓடிப்போவதுதான் பேய் என்றால் அதை ஓட்ட மந்திரம் எதற்கு, போலீசு ஜவான் ஒருவர் போதாதா?

மனநோய் கண்டவர்களைத் தெய்வ சந்நிதானங்களின் பக்கம் கொண்டுபோய்க் கட்டிப் போடுவதன் பலன் என்னவென்பதை 2001-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 6-ந் தேதி ஏர்வாடியில் எல்லோரும் பார்த்தார்கள். தர்காவை அண்டி நடந்துவந்த ஒரு கொட்டகையில் விடியற்காலையில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த நோயாளிகள் ஓட வழியில்லாமல் வெந்துபோனார்கள். 28 பேர் மாண்டார்கள். எந்தச் சாமியும், எந்த அவுலியாவும் ஒரு சங்கிலியையாவது அவிழ்த்துவிட வரவில்லை.

நிற்க, நாம் ஊர்களில் கூட்டம் போட்டுப் பேய் இல்லையென்று பேசி முடித்தவுடன், வயது சென்ற அம்மாள் யாராவது எழுந்து ஒரு கேள்வி கேட்பதுண்டு. "ஐயா, பேய் இல்லையென்று சொல்லிவிட்டீர்கள், சரி. என் மருமகள் வீட்டுக்கு வந்த நாளாய்ச் சிரித்த முகமாய் இருந்தவள். பிள்ளை பெற்றாள், இப்படி ஆகிவிட்டாள். பேய் இல்லையென்றால் பின்னே என்ன?" என்பதாக. இது நியாயமான கேள்வி. பேயைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டு அந்த இடத்தில் ஒன்றும் வைக்காமல் வருகிறவன் பாதி வேலைதான் செய்தவனாவான். ஆகையால் டாக்டர்களும் ஆராய்ச்சிக்காரர்களும் இது விஷயமாய்க் கண்டிருப்பதை, நமக்கு விளங்கிய மட்டில், நமது வாசகர்களுக்கு எடுத்துச் சொல்ல ஆசைப்படுகிறோம்.

முதலில், பிரசவத்துக்குப் பின் வரும் மனக் கலக்கம் எல்லாம் ஒன்றல்ல. பிள்ளை பெற்ற மூன்றாம் நாள் நான்காம் நாளில் அழுகையும் எரிச்சலும் வருவது தாய்மார்களில் பாதிப் பேருக்கு மேல் உள்ள சங்கதி. நஞ்சுக்கொடி வெளிவந்தவுடன், கர்ப்ப காலத்தில் உடம்பில் ஏறி நின்ற சில சுரப்பிநீர்கள் சடாரென்று இறங்கிவிடுகின்றன. தூக்கமும் இல்லை. பத்துப் பதினைந்து நாளில் அது தானே அடங்கிவிடும். இதற்கு வேண்டியது கொஞ்சம் தூக்கமும் ஆதரவுமே தவிர வேறில்லை. இன்னொரு கோடியில், ஆயிரம் பிரசவங்களில் ஒன்று அல்லது இரண்டில், முதல் இரண்டு வாரத்துக்குள்ளாகவே புத்தி அடியோடு தடுமாறி, இல்லாத குரல் கேட்டு, குழந்தையைப் பற்றி விபரீதமான எண்ணங்கள் வந்து, தூக்கம் முற்றும் ஒழிந்துபோகும். நம்மவர்கள் பேய் என்றும் ஜன்னி என்றும் அலறுவது பெரும்பாலும் இதைப் பார்த்துத்தான். இது அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய வியாதி. ஒரு இரவுகூடத் தாமதிக்கலாகாது. தக்க வைத்தியம் செய்தால் பெரும்பாலோர் குணமடைந்து வீடு திரும்புகிறார்கள்.

இவ்விரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் நாம் பேசவந்த மனச்சோர்வு. இது கூச்சல் போடாது. ஆகையினாலேயே இதை யாரும் கண்டுகொள்வதில்லை. இரண்டு வாரத்துக்கு மேலும் நீடிக்கும் வருத்தம், எதிலும் பற்றில்லாமை, குழந்தை தூங்கினாலும் தனக்குத் தூக்கம் வராமை, நாம் கெட்ட தாய் என்ற ஓயாத எண்ணம், சில பேருக்குச் செத்துப்போனால் தேவலை என்ற நினைப்பு, இவைதான் இதன் அடையாளங்கள். வெளிநாடுகளில் செய்த 59 ஆராய்ச்சிகளை ஒன்றுசேர்த்து 1996-ல் கணக்குப் பார்த்ததில் நூற்றுக்கு 13 தாய்மார்களுக்கு இது வருவதாய்க் கண்டார்கள். இந்தியாவில் நடந்த 38 ஆராய்ச்சிகளை 2017-ல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் பத்திரிகையில் தொகுத்து வெளியிட்டபோது நூற்றுக்கு 22 என்று வந்தது. அதாவது ஐந்து தாய்மாருக்கு ஒருவருக்கு மேல். ஒரு தெருவில் ஐந்து வீட்டுக்கு ஒரு வீட்டில் பேய் குடியிருக்கிறது என்றால், அந்தப் பேய்க்குப் பிள்ளை பெற்றவர்களைத் தவிர வேறு வேலையே இல்லை என்றல்லவா ஆகும்?

"எங்கள் பாட்டிமார் பத்துப் பெற்றார்களே, அவர்களுக்கெல்லாம் இது வந்ததா?" என்று கேட்பவர்கள் உண்டு. வந்ததா இல்லையா என்று பாட்டியை யார் கேட்டார்கள்? கைக்குழந்தையை விட்டுவிட்டு எத்தனை பெண்கள் "தண்ணீர் சேந்தப் போய்த் தவறி" கிணற்றில் விழுந்தார்கள் என்பதை எந்த ஊர்க் கணக்கப்பிள்ளை எழுதி வைத்திருக்கிறார்? லூயி விக்டர் மார்ஸே என்ற பிரெஞ்சு டாக்டர் கர்ப்பிணிகளுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் வரும் மனநோயைப் பற்றியே 1858-ல் பாரிசில் ஒரு பெரிய புத்தகம் எழுதினார். ஆகவே இது இந்தக் காலத்துப் பெண்கள் படித்ததனால் வந்த நோய் என்பது சுத்தப் பேத்தல்.

இனி, சுபாவம் என்று சொல்லுகிற கனவான்களிடம் வருவோம். இவர்கள் சொல்லுவதில் உண்மை கொஞ்சங்கூட இல்லையென்று நாம் சொல்ல வரவில்லை. மனிதருக்கு மனிதர் சுபாவம் வேறுபடுகிறது என்பதும், சிலர் எளிதில் கலங்கிப்போகிறவர்கள், சிலர் எதற்கும் அசையாதவர்கள் என்பதும் பிரத்தியக்ஷம். லண்டனில் இருந்த ஹான்ஸ் ஐசென்க் என்ற மனோதத்துவக்காரர் 1947-ல் எழுதிய புத்தகத்தில், மனித சுபாவத்தை இரண்டு அளவுகோலால் அளக்கலாம் என்று சொன்னார். எளிதில் கலங்குவதும் கவலைப்படுவதும் ஒரு அளவு. அதற்கு நியூராட்டிசிஸம் என்று பேர். வெளியே கலந்து பழகுகிறவரா, உள்ளடங்கி இருப்பவரா என்பது மற்றொரு அளவு. பிற்காலத்தார் இதை ஐந்து அளவுகளாக விரித்தார்கள். ஆனாலும் இந்த இரண்டும் இன்றுவரை நிற்கின்றன.

இந்த அளவுகோலைக் கொண்டு தாய்மார்களைப் பார்த்ததில், எளிதில் கலங்கும் சுபாவமுடையவர்களுக்குப் பிரசவத்துக்குப்பின் மனச்சோர்வு வருவது அதிகம் என்று பல தேசங்களில் கண்டிருக்கிறார்கள். தப்பு வந்துவிடுமோ, ஊரார் என்ன சொல்லுவார்களோ என்று எதையும் குறைவறச் செய்யத் துடிக்கிறவர்களுக்கும் அப்படியே.

இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. மனச்சோர்வில் படுத்துக் கிடக்கிறவளிடம் போய் "நீ கவலைப்படுகிறவளா?" என்று கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்லுவாள். காய்ச்சலில் கிடப்பவனைத் தொட்டுப் பார்த்துவிட்டு இவன் பிறவியிலேயே சூடான உடம்புக்காரன் என்று தீர்ப்புச் சொல்லுவதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை. ஆகையால் கெட்டிக்கார ஆராய்ச்சிக்காரர்கள் கர்ப்பமாயிருக்கும்போதே, வியாதி வருவதற்கு முன்பே, சுபாவத்தை அளந்து வைத்துக்கொண்டு, பிறகு யாருக்கு வருகிறது என்று காத்திருந்து பார்த்தார்கள். சுவீடன் தேசத்தில் உப்சாலா என்னும் ஊரில், மனச்சோர்வு இல்லாத ஆயிரத்துக்கு மேற்பட்ட கர்ப்பிணிகளை இவ்விதம் பார்த்து 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். அங்கும் கலங்கும் சுபாவமே முன்னறிகுறியாய் நின்றது.

"பார்த்தீர்களா! நாங்கள் சொன்னது சரியாய்ப் போய்விட்டதல்லவா?" என்று நமது கனவான்கள் குதிக்க வேண்டாம். ஆலந்து தேசத்தில் 277 பெண்களைக் கர்ப்பத்திலிருந்து பிரசவத்துக்குப்பின் ஒரு வருஷம் வரை தொடர்ந்து பார்த்து 2005-ல் வெளியிட்ட ஒரு ஆராய்ச்சி இருக்கிறது. சுபாவங்களுள் எது தனியாய் நின்று வியாதியைக் கொண்டுவருகிறது என்று அவர்கள் பார்த்தார்கள். கலங்கும் சுபாவமும் உள்ளடங்கிய சுபாவமும் ஒருத்தியிடத்திலேயே சேர்ந்து இருக்கும்போதுதான் அபாயம் நிச்சயப்பட்டது. அதாவது கவலை நிறைய உண்டு, அதை வெளியே சொல்ல வாய் இல்லை. அப்படிப்பட்டவள் தான் விழுந்தாள்.

தோழர்களே! இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். மனதில் பயம், வாயில் பூட்டு. இது எங்கேயோ கேள்விப்பட்டது போல் இல்லையா? அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு என்று பெண்ணுக்கு நாலு குணங்களை வரிசைப்படுத்திக் காலங்காலமாய்ப் போதித்து வருகிறோமே, அந்த வரிசையில் முதலில் நிற்பது என்ன? அச்சம்! பெண் பார்க்கப் போகிற இடத்தில் "பெண் வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாது, ஏனென்று எதிர்த்து ஒரு வார்த்தை கேட்கமாட்டாள்" என்று சொல்லித்தானே கொடுக்கிறார்கள்? அதைக் கேட்டுத்தானே மாப்பிள்ளை வீட்டார் பூரித்துப் போகிறார்கள்? ஏழு வயதில் உரக்கச் சிரித்தால் குட்டு. பன்னிரண்டு வயதில் வாசலில் நின்றால் குட்டு. மாமியார் வீட்டில் பசிக்கிறது என்று சொன்னால் வளர்ப்புச் சரியில்லை. இப்படி இருபது வருஷம் பழக்கி, பயப்படவும் பயத்தை வெளியே சொல்லாமல் இருக்கவும் ஒருத்தியைத் தயார் செய்துவிட்டு, அவள் பிள்ளை பெற்று அந்தப் பயத்தின் பாரம் தாங்காமல் சாய்ந்தவுடன், "அவள் சுபாவமே அப்படி" என்று கையைக் கழுவுவது எவ்வளவு பெரிய அக்கிரமம்?

சுபாவம் முழுவதும் நாம் செய்ததே என்று நாம் சொல்ல வரவில்லை. இரட்டைப் பிள்ளைகளைப் பரீட்சித்தவர்கள், எளிதில் கலங்குவதில் மனிதருக்கு மனிதர் உள்ள வித்தியாசத்தில் நூற்றுக்கு நாற்பது பங்கு போல் பிறவியில் வருவதாய்க் கணக்கிட்டிருக்கிறார்கள். இருக்கட்டும். மீதி அறுபது பங்கு தலையெழுத்தா? பிறவியில் வந்த அந்த நாற்பதும்கூடக் கல்லில் செதுக்கியதல்ல. தக்க சிகிச்சையினால் கவலைச் சுபாவம் குறைவதை டாக்டர்கள் அளந்தே பார்த்திருக்கிறார்கள். அன்றியும் கலங்கும் சுபாவமுடைய பெண்களில் பெரும்பாலோர் இந்த வியாதி இல்லாமலே பிள்ளை வளர்த்துவிடுகிறார்கள். நெஞ்சுரம் மிக்கவள் என்று பேரெடுத்த பெண்ணுக்கும் இது வருகிறது. ஓலைக் கூரை சீக்கிரம் தீப்பற்றும் என்பது வாஸ்தவம்தான். ஆனால் தீ வைத்தவன் யார் என்று கேட்காமல் கூரையைத் திட்டிக்கொண்டு நிற்பவனை என்னவென்று சொல்லுவது?

தீ எங்கிருந்து வருகிறது என்பதற்குத் தூர தேசம் போகவேண்டியதில்லை. நமது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் அக்கம்பக்கத்துக் கிராமங்களில் 359 கர்ப்பிணிகளைப் பார்த்து, பிரசவமாகி 6 முதல் 12 வாரத்துக்குள் மறுபடியும் போய்ப் பார்த்து, 2002-ல் முடிவை வெளியிட்டார்கள். நூற்றுக்கு 11 பேருக்குப் பிரசவத்துக்குப்பின் புதிதாய் மனச்சோர்வு வந்திருந்தது. எப்படிப்பட்டவர்களுக்கு வந்தது? வருமானம் குறைந்தவர்களுக்கு வந்தது. ஆண்பிள்ளையை எதிர்பார்த்திருக்கப் பெண்பிள்ளை பிறந்தவர்களுக்கு வந்தது. மாமியாரோடும் பெற்றோரோடும் மனஸ்தாபம் உள்ளவர்களுக்கும், கர்ப்ப காலத்தில் வீட்டில் சாவு நோவு போன்ற கஷ்டங்களைக் கண்டவர்களுக்கும் வந்தது. கைவேலைக்குக் கூடமாட ஒத்தாசை செய்ய ஆளில்லாதவர்களுக்கு வந்தது. அதே 2002-ல் கோவாவில் செய்த ஆராய்ச்சியும் வறுமை, புருஷனோடு ஒத்துப்போகாமை, பெண் பிறந்தது என்று இதே பாட்டைத்தான் பாடிற்று. அங்கே வியாதி கண்டவர்கள் நூற்றுக்கு 23.

இவற்றில் எதையாவது அந்தப் பெண்ணின் சுபாவம் என்று சொல்ல முடியுமா? வருமானம் அவள் சுபாவமா? மாமியார் அவள் சுபாவமா? பெண்பிள்ளை பிறந்ததுதான் அவள் சுபாவமா?

பெண்பிள்ளை விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்லத்தான் வேண்டும். ஆணா பெண்ணா என்பதை நிர்ணயிப்பது தாயல்ல, தகப்பனுடைய வித்தணுதான். தாயின் கருமுட்டையில் எப்போதும் ஒரேவிதமான இனக்கூறுதான் உண்டு. தகப்பனுடைய வித்தணுவில்தான் இரண்டுவிதம். எது வந்து சேருகிறதோ அதன்படி பிள்ளை. பால்வேற்றுமை இப்படி வித்தணுவிலிருந்தே வருகிறது என்பதை மாவுப் புழுக்களை வைத்துச் சோதித்து 1905-ல் எழுதியவர் நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்க மாது. கண்டுபிடித்ததும் ஒரு பெண்தான். இது வெளிவந்து நூற்றிருபது வருஷம் ஆகிறது. ஆனால் நமது ஊரில் இன்னமும் "மூன்றும் பெட்டையாய்ப் பெற்றுப் போட்டாளே பாவி" என்று மருமகளைத்தான் திட்டுகிறார்கள். மகனைத் திட்டும் மாமியார் ஒருவரையாவது காட்டட்டும். பெண்குழந்தைக்குக் கள்ளிப்பால் கொடுத்த கொடுமை பொறுக்காமல்தான் சர்க்கார் 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் என்று ஒன்றைக் கொண்டுவர நேர்ந்தது. பிள்ளையையே வேண்டாமென்கிற வீட்டில் பிள்ளை பெற்றவள் எப்படிச் சிரித்துக்கொண்டிருப்பாள்? அவள் அழாமல் இருந்தால் அல்லவா ஆச்சரியப்பட வேண்டும்!

தீட்டு என்பதையும் இதில் சேர்த்துக்கொள்ள வேண்டும். பிள்ளை பெற்றவளை மூலையில் தள்ளி, தட்டு வேறு, பாய் வேறு என்று வைத்து, பத்தியம் என்ற பேரால் வயிறாரச் சோறும் இல்லாமல் செய்கிற வீடுகள் இன்னமும் உண்டு. தாய்வீட்டுக்கு வந்து நாற்பது நாள் படுத்தெழுவதில் நல்ல அம்சமும் இருக்கிறது. தூங்கலாம், தாயார் குழந்தையைப் பார்த்துக்கொள்ளுவாள், வாய்விட்டுப் பேசலாம். அதை நாம் குறை கூறவில்லை. ஓய்வு கொடுப்பது வேறு, ஒதுக்கி வைப்பது வேறு. முன்னதை வைத்துக்கொண்டு பின்னதை விட்டுத் தொலைப்பதற்கு எந்தச் சாஸ்திரியைக் கேட்க வேண்டும்?

ஜார்ஜ் பிரௌன், டிரில் ஹாரிஸ் என்ற இருவர் லண்டனில் காம்பர்வெல் என்ற பேட்டையில் பெண்களைப் பார்த்து 1978-ல் ஒரு புத்தகம் எழுதினார்கள். கஷ்டம் வந்த பெண்களில், மனதைத் திறந்து சொல்லிக்கொள்ள நெருக்கமான ஒருவர் இருந்தவர்கள் பெரும்பாலும் தப்பித்தார்கள், இல்லாதவர்கள் சோர்வில் விழுந்தார்கள் என்பது அவர்கள் கண்டவற்றில் ஒன்று. கடவுளிடம் சொல்லிக்கொண்டவர்கள் என்று எழுதவில்லை, பக்கத்திலிருக்கும் மனிதரிடம் சொல்லிக்கொண்டவர்கள் என்றுதான் எழுதியிருக்கிறார்கள். நமது வீடுகளில் அந்த ஒருவராய் இருக்கவேண்டியவன் புருஷன். அவனோ, பிரசவம் பெண்கள் சங்கதி என்று திண்ணையோடு நின்றுவிடுகிறான். இராத்திரி குழந்தை அழுதால் பாயைச் சுருட்டிக்கொண்டு மாடிக்குப் போகிற புருஷர்களை நாம் அறிவோம். அவர்களில் சிலர் நமது கூட்டங்களுக்குக் கறுப்புச் சட்டையோடு வந்து முதல் வரிசையில் உட்காருகிறவர்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

சரி, சுபாவத்தை அறிந்துகொள்வதனால் பிரயோஜனமே இல்லையா என்றால், உண்டு. எப்படியெனில், பழி சுமத்துவதற்கு அல்ல, முன்கூட்டியே பக்கத்தில் நிற்பதற்கு. கர்ப்பமாயிருக்கும் பெண் எதற்கும் கலங்குகிறவளாயும் வாய் திறவாதவளாயும் இருந்தால், முன்பு ஒரு தடவை மனச்சோர்வு கண்டவளாய் இருந்தால் (பலமான அறிகுறிகளில் இதுவும் ஒன்று என்று 1996-ம் வருஷத்துத் தொகுப்பு சொல்லுகிறது), அவள் விஷயத்தில் வீட்டார் கூடுதலாய்க் கண் வைத்திருக்க வேண்டும். "ஒன்றுமில்லை, நன்றாயிருக்கிறேன்" என்று அவள் சொல்லுவதை அப்படியே நம்பிவிடலாகாது. நல்ல மருமகள் என்று பேரெடுத்தவளிடத்தில்தான் அதிகமாய் விசாரிக்க வேண்டும்.

விசாரிப்பதற்கு மேதாவிகள் தேவையில்லை. ஸ்காட்லாந்தில் 1987-ல் காக்ஸ், ஹோல்டன், சகோவ்ஸ்கி என்ற மூவர் எடின்பரோ அளவை என்ற பத்துக் கேள்விகளைத் தயாரித்தார்கள். கடந்த ஏழு நாளில் சிரிக்க முடிந்ததா, காரணமில்லாமல் பயம் வந்ததா, தூக்கம் கெட்டதா, உன்னை நீயே துன்புறுத்திக்கொள்ள நினைத்தாயா என்கிற மாதிரியான கேள்விகள். ஐந்து நிமிஷ வேலை. தமிழிலும் இருக்கிறது. பிள்ளைக்கு ஊசி போட வருகிற கிராமச் சுகாதாரச் செவிலியர் குழந்தையைத் தராசில் வைத்து எடை பார்க்கிறார்கள். அதே நேரத்தில் தாயிடம் இந்தப் பத்துக் கேள்வியைக் கேட்டால் என்ன குடி முழுகிவிடும்? நூற்றுக்கு 22 பிள்ளைகளுக்கு ஒரு நோய் வருகிறது என்றால் சர்க்கார் இப்படிச் சும்மா இருக்குமா? ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இந்தக் கேள்விகள் தவறாமல் கேட்கப்பட வேண்டும் என்று நமது தோழர்கள் அந்தந்த ஊரிலிருந்தே மனு எழுதிப் போட வேண்டும்.

கேட்டு என்ன செய்வது, ஊருக்கு ஊர் மனநோய் டாக்டரா இருக்கிறார் என்பார்கள். பாகிஸ்தானில் ராவல்பிண்டியைச் சேர்ந்த கிராமங்களில் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். கர்ப்பத்திலேயே மனச்சோர்வு கண்டிருந்த 900 பெண்களை எடுத்துக்கொண்டு, பாதிப் பேருக்கு, நமது ஊர்ச் சுகாதாரப் பணியாளர்களைப் போன்ற உள்ளூர்ப் பெண்களையே அனுப்பினார்கள். அவர்கள் டாக்டர்களல்ல, பள்ளிக்கூடப் படிப்புப் படித்தவர்கள். அவர்களுக்குக் கொஞ்சம் பழக்கம் கொடுத்து, பிரசவத்துக்கு முன்னும் பின்னுமாய்ப் பதினாறு தடவை வீட்டுக்குப் போய் அந்தத் தாயோடு உட்கார்ந்து பேசவும், அவளுடைய எண்ணங்களில் தன்னைத்தானே தூற்றிக்கொள்ளும் பொய் எது, மெய் எது என்று அவளே பிரித்துப் பார்க்கும்படி செய்யவும், வீட்டாரையும் கூட்டிவைத்து ஒத்தாசைக்கு ஏற்பாடு செய்யவும் சொன்னார்கள். மற்றப் பாதிப் பேரிடத்திலும் அதே மாதிரிப் பணியாளர்கள் அத்தனை தடவையும் போனார்கள், ஆனால் இந்தப் பேச்சில்லாமல். குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபோது பார்த்ததில், முதல் கூட்டத்தில் மனச்சோர்வு மீதியிருந்தவர்கள் நூற்றுக்கு 23. இரண்டாவது கூட்டத்தில் 53. இது 2008-ல் லான்செட் என்ற வைத்தியப் பத்திரிகையில் வந்தது. அந்தப் பெண்களின் சுபாவத்தை யாரும் கழற்றி வேறு மாட்டவில்லை. தாயத்துக் கட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார்கள், யோசிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

அதற்கும் மிஞ்சினால் டாக்டரிடம் போகத்தான் வேண்டும். சோகை, தைராய்டுக் கோளாறு இவைகூட இதே மாதிரி சோர்வைக் கொடுக்குமாதலால் இரத்தப் பரிசோதனையும் அவசியம். மருந்து சாப்பிட்டால் பால் கொடுக்கக்கூடாது என்று பயந்து பலர் வைத்தியத்தையே விட்டுவிடுகிறார்கள். பால் கொடுத்துக்கொண்டே டாக்டர் யோசனைப்படி சாப்பிடக்கூடிய மருந்துகள் இருக்கின்றன. ஆஸ்பத்திரியில் சேர்த்தால் குழந்தையைப் பிரித்துவிடுவார்கள் என்பது இன்னொரு பயம். பெங்களூர் நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரியில் தாயையும் சேயையும் ஒன்றாகவே வைத்துப் பார்க்கும் பிரிவு 2009 முதல் இருக்கிறது. 2017-ம் வருஷத்து மனநல பராமரிப்புச் சட்டமும் மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையைச் சிகிச்சையிலிருக்கும் தாயிடமிருந்து சாதாரணமாய்ப் பிரிக்கக்கூடாது என்றுதான் சொல்லுகிறது. பிள்ளைக்கு ஆபத்து என்று டாக்டர் கருதினால் தவிர. ஆஸ்பத்திரி தூரத்தில் இருக்கிறவர்கள் 2022-ல் சர்க்கார் ஏற்படுத்திய டெலிமானஸ் என்ற டெலிபோன் ஏற்பாட்டில் 14416 என்ற எண்ணைக் கூப்பிட்டால் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. மந்திரவாதிக்குக் கொடுக்கும் கோழி மிச்சம். அந்தக் கோழியை அடித்துக் குழம்பு வைத்துப் பிள்ளை பெற்றவளுக்கே போடட்டும்.